கறுப்புக் கார் கப்பலேறவில்லை

தோட்டத்தை விட்டு ஊருக்குப் புறப்படுவது என்று முடிவானதும், பார்த்தவர்கள் எல்லோரும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "காரை என்னா செய்யப் போறீங்க?" கட்டியவர் தடுப்புக் காவலில் இருந்து வந்து பாதி ஆளாக உட்கார்ந்திருக்கிறார், இடுப்பில் பால் மறக்காத பிள்ளை, வேலை போய்விட்டது, இவர்களுக்கு என் கார் கவலை. உண்மையைச் சொன்னால் அந்த மாதம் முழுக்க எனக்கும் அதே கவலைதான். கப்பலில் ஏற்றி எடுத்துப் போவதா, இங்கேயே விட்டுப் போவதா? விட்டுப் போனால் அது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு மட்டும் போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

மலாயாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது சீமையில் யாரோ ஒருவருக்குச் சொந்தம். என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஊசி போடுவதும், பால் வெட்டும் கத்தி கிழித்த கைக்குத் தையல் போடுவதும், குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் தாயைத் தூக்கிக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இவர்தான்.

அந்த ஓட்டத்துக்காகத்தான் கார் வந்தது. முன்பு இருந்த துரை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பினார். அவருக்கும் எங்களுக்கு வந்த அதே கேள்வி வந்தது, காரை எடுத்துப் போவதா வேண்டாமா என்று. அவர் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அவருடைய நாயைப் பாம்பு கடித்தபோது என் கணவர்தான் விடியும்வரை மடியில் போட்டுக்கொண்டு காப்பாற்றினார். துரை நாயைக் கப்பலில் ஏற்றினார், காரை என் கணவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். சின்னக் கறுப்புக் கார். முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கிளப்புவதற்கு முன்னால் சாவியைத் திருகி முன்னால் போய்க் குனிந்து கும்பிடாத குறையாகக் கம்பியைச் சுற்ற வேண்டும். அதன் மேல் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி வெகு நாளாகக் கண் வைத்திருந்தார்.

பெரிய கிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'அவர்' என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அச்சில் வருகிற சமாச்சாரம், மரியாதையாகவே இருக்கட்டும். ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, துரைக்கு அடுத்தது அவர்தான். யாருக்கு வேலை, யாருக்கு வீடு, யாருக்குப் பேர் வெட்டு என்பதெல்லாம் அவர் பேனாவில் இருந்தது. தோட்டத்துப் பெரிய பாதை வளைகிற மேட்டில் அவருடைய பங்களா. அந்தப் பங்களாவுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்த சட்டம் அல்ல, எல்லா எலும்பிலும் ஏறியிருந்த சட்டம். லயத்து ஆட்கள், அதாவது வரிசை வீட்டுத் தொழிலாளிகள், சைக்கிளில் வந்தால் குரோட்டன் வேலி ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, வேலி முடிகிறவரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். குடை பிடித்து வந்தால் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், மழை கொட்டினாலும் சரி. அவர் வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை ரசித்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் ஜனங்கள் இறங்கித்தான் போவார்கள். காலி நாற்காலிக்கும் மரியாதை.

என் கணவர் லயத்து ஆள் அல்ல, ஸ்டாப் வீட்டுக்காரர் என்பதால் அவருக்கு இந்தச் சட்டம் இல்லை. நடந்து போகும்போது கை கூப்பிவிட்டுப் போவார், அவ்வளவுதான். கார் வந்த முதல் நாள் அந்த மேட்டில் திரும்பும்போது, கை கூப்ப முடியாதே என்று வெள்ளை மனசோடு ஹாரனை இரண்டு தடவை அமுக்கிவிட்டுப் போனார். மறுநாளே பெரிய கிராணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயிற்றுவலி என்றார், மிக்ஸ்சர் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் சொன்னார்:

"டிரெசர், நம்ப வீட்டு முன்னால வண்டி கொஞ்சம் நின்னு போனா நல்லா இருக்கும். ஆளுங்க பாக்குறாங்கல்ல."

என் கணவர் வேடிக்கை என்று நினைத்துவிட்டார். "என்னா செய்றது ஐயா, கார் இறங்கி நடக்காதே!" என்றார். மருந்துக்கு வரிசையில் நின்ற ஜனங்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். பெரிய கிராணியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பல் மட்டும் தெரிந்தது. ஆனால் என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்போது மலாயாவில் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், காட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு பட்டாளம், நடுவில் நாங்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வாசலில் ஸ்பெஷல் போலீஸ்காரர்களை நிறுத்திவிட்டார்கள். காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். கடைக்காரர் பால் டின்னை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுவோமாம். பிள்ளைக்கு வாங்கிய பால் வீடு வருவதற்குள் எறும்பு மொய்க்கும். சாப்பாட்டைவிட அவர்களுக்கு மருந்தின் மேல்தான் இன்னும் சந்தேகம். டிரெசரின் கையில் மருந்துப் பெட்டி, காலடியில் கார். ஒருவரைக் கெடுக்க இதைவிட வசதி வேண்டுமா?

ஒரு காலை, பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் பால் வெட்டக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், ஜீப் வந்தது. அந்தக் காரில் காட்டுக்காரர்களுக்கு மருந்து போகிறது என்று தகவலாம். என் கணவரை அரைக்கால் சட்டையும் ஆஸ்பத்திரிக் கோட்டுமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோர்ட்டு, வக்கீல் எதுவும் கிடையாது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. பல மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை, போ என்று விட்டுவிட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு மன்னிப்பு உண்டா? கிடையாது. புதுத் துரை மரியாதையாகவே சொன்னார், இனி இங்கே வேலை இல்லை, கப்பல் கிடைக்கிறவரை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று.

யார் தகவல் கொடுத்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உள்ளே அவரை என்ன கேட்டார்கள் என்று நான் துருவித் துருவிக் கேட்டபோது ஒன்று மட்டும் சொன்னார். "வண்டி மேட்டுல காலையில எத்தன மணிக்குத் திரும்புச்சு, சாயங்காலம் எத்தன மணிக்குத் திரும்புச்சு, பின் சீட்டுல யாரு, இதையேதான் கேட்டாங்க. எல்லாம் சரியா எழுதி வச்சிருந்தாங்க." மேட்டில் கார் திரும்புவதை உட்கார்ந்து பார்க்க அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, "விட்டுடு" என்றார். என்னால் விட முடியவில்லை. அவர் விடுதலையாகி வந்த மறுநாள் நடந்ததைப் பார்த்த பிறகு எப்படி விடுவது? ஆஸ்பத்திரியில் தன் சாமான்களை எடுத்துவரப் போனார். காரைத் தொடவே இல்லை. சாக்குப் போர்த்திக் கொட்டகையில் கிடந்த அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நல்ல வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பிள்ளையோடு பின்னால் வந்தேன். குரோட்டன் வேலி ஆரம்பிக்கிற இடத்தில் நின்றார். குடையை மடக்கினார். கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வேலி முடிகிறவரை நடந்தார். வராந்தாவிலிருந்து ஒரு செருமல் கேட்டது. உள்ளே அவரை அடித்தார்களா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் குடை மடங்கின சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வாரமே பெரிய கிராணி வெள்ளைக் கால்சட்டையில் எங்கள் வாசலுக்கு வந்தார். என் கணவர் உள்ளே படுத்திருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்தார்.

"என்னம்மா, கேள்விப்பட்டேன். ஊருக்குப் போறது நல்லதுதான். அந்த வண்டிய என்னா செய்யப் போறீங்க? கப்பல்ல ஏத்தவா போறீங்க? பாவம், வெளியில யாரும் வாங்க மாட்டாங்க. போலீஸ் கண்ணு பட்ட வண்டி. நம்ப கொட்டகையில கெடந்துட்டுப் போவட்டும், ஏதாச்சும் பாத்துக் குடுக்குறேன்."

வெளியில் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ரந்தாவில் கார் வாங்கி விற்கிறவர்களிடம் ஏற்கெனவே ஆள் அனுப்பிக் கேட்டிருந்தேன். "அது காட்டுக்கு மருந்து ஏத்தின வண்டியாம்லா, வாங்கினா வம்பு" என்று பதில் வந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் இதே வாய்தான். புருஷனை உள்ளே அனுப்பியாயிற்று, வேலையைப் பிடுங்கியாயிற்று, இப்போது மிச்சமிருக்கிற இரும்பையும் இலவசமாக அள்ளிக்கொண்டு போக வந்து நிற்கிறார்.

"நாங்க எடுத்துட்டுப் போறோம்" என்றேன்.

"காரையா? ஊருக்கா?"

"ஆமா. கப்பல்லதான்."

அவர் எழுந்து போகும்போது சிரித்தார். மறுபடியும் அந்தப் பல்.

என் கணவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், எங்கோ உள்ளே. "நம்ப ஊருக்கு மாட்டு வண்டியே முக்கி முனகித்தான் வரும். கார வச்சுக்கிட்டு என்னா செய்யப் போற?" என்றார். நான் கேட்கவில்லை. கடலில் தள்ளினாலும் தள்ளுவேனே தவிர அந்த ஆளிடம் கொடுக்க மாட்டேன் என்றேன். சண்டை போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. சரி, விசாரித்தாவது வரலாம் என்றார்.

சிரம்பானில், லோபாக்கில், கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற ஒரு பாய் கடை இருந்தது. அங்கே போகக் காரையே எடுத்தோம். அவர் ஓட்டமாட்டேன் என்றுவிட்டதால் தோட்டத்து லாரி டிரைவர் தன் லீவு நாளில் வந்து ஓட்டினார். அந்த டிரைவரின் மனைவியைத்தான் ஒருமுறை மழையில் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு என் கணவர் சிரம்பான் போய், தாயையும் பிள்ளையையும் பத்திரமாகக் கூட்டி வந்தார். அவருக்கு அந்தக் கார் மேல் ஒரு மரியாதை, கதவைக்கூட அடித்துச் சாத்தமாட்டார்.

பாய் எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துப் பேசினார், பிடிவாதம் யாருடையது என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது.

"தங்கச்சி, ஏத்திடலாம்லா. ஏத்துறது பெரிய காரியமில்ல. அங்க எறக்குறதுதான் காரியம். சுங்கத்துக்காரன் புடிச்சு வச்சுக்குவான், அந்தக் காயிதம் இந்தக் காயிதம்பான், வண்டி உப்புக் காத்துல நின்னு துருப்புடிச்சுப் போவும். அதெல்லாம் தாண்டி வீட்டுக்குக் கொண்டு போனாலும் ஒரு ஸ்க்ரூ வேணும்னா எங்க போவீங்க? சரி, ஊர்ல ரோடு இருக்கா?"

"பாதை இருக்கு பாய்," என்றார் என் கணவர். "ஊருக்கு முன்னால ஒரு வாய்க்கா. அதுமேல ரெண்டு தென்னமரத்தப் போட்டிருக்கும். அதுல நடந்துதான் போவணும்."

பாய் தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "தென்னமரத்து மேல கார் போவுமா தங்கச்சி?"

"போவலேன்னா வாய்க்காவுக்கு இந்தப் பக்கம் நிக்கட்டும். கோழி அடைச்சுக்கிறேன்," என்றேன்.

பாய் எங்கள் மூன்று பேருக்கு டிக்கெட் பற்றி மட்டும் பேசி முடித்தார். காரைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பி வருகிற வழியில்தான் என் புத்திக்குக் கண் திறந்தது. காலையில் போகும்போதே இரண்டு இடத்தில் எங்களை நிறுத்தியிருந்தார்கள். எமர்ஜென்சியில் இது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன். திரும்பும்போது சுங்கை காடுட் பக்கத்துச் சோதனைச் சாவடியில் எங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். எங்கள் முறை வந்ததும் ஸ்பெஷல் போலீஸ்காரன் நம்பர் தகட்டைப் பார்த்தான், உடனே குரல் மாறிவிட்டது. "துருன்! துருன்!" என்று கத்தினான். மலாயில் இறங்கு என்று அர்த்தம். எல்லோரையும் இறக்கி, கையைத் தூக்க வைத்து, சீட்டுகளைக் கழற்றிச் செம்மண்ணில் போட்டு, பெட்ரோல் டாங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தான். சோதனை போடுகிற பொம்பளை ஒருத்தி வந்து என் பிள்ளையின் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். என் கணவர் கையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. மலாயில் அவனிடம் ஏதோ கேட்டார். அவன் நம்பர் தகட்டைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டித் தட்டிப் பதில் சொன்னான். காரில் ஏறிய பிறகு டிரைவர் எங்களுக்குச் சொன்னார்:

"டிரெசர் ஐயாவ விட்டாச்சே, இன்னும் என்னாத்துக்குன்னு கேட்டேன்மா. ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியாது, இந்த நம்பர் வந்தா எறக்கணும், அதான் ஆர்டர்ன்றான். ரந்தாவுல இருந்து சிரம்பான் வரைக்கும் எல்லாச் சாவடிக்கும் சொல்லியிருக்காம். ராசாவே ஓட்டிட்டு வந்தாலும் எறக்குவோம்ன்றான்."

என் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். நான் மூடவில்லை. ராஜாவே ஓட்டிக்கொண்டு வந்தாலும் இறக்குவார்கள். அப்படியானால் கிராணி?

அந்த நம்பரைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. என் கணவருக்காகக் கட்டிவிட்ட தூண்டில் காரின் வாலிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. ஆபீசில் அவர் வேலையே ஆள் பேர் எழுதுவதும் ஆள் பேர் வெட்டுவதும்தான். ஒருவன் பேரை வெட்டினால் அவன் தீர்ந்தான், அவனோடு அவன் சங்கதியும் தீர்ந்தது. இப்படித்தான் அவர் உலகம் நடந்தது. டிரெசர் பேரை வெட்டியாயிற்று, கார் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். போலீஸ் கண் பட்ட வண்டி என்று ஊரையே பயமுறுத்தியவர், தான் மட்டும் ஏன் பயப்படவில்லை என்றால், அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தான் கட்டிவிட்ட கதைக்குத் தானே பயப்படுவாரா?

வீடு வந்து சேர்வதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கார் கப்பலேறாது.

பெரிய கிராணியை நானே போய்ப் பார்த்தேன். நடிப்பில் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் கோபம் எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிடும். அந்த வராந்தாவுக்குக் கீழே நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னேன்:

"ஐயா சொன்னது சரிதாங்க. அத ஊருக்கு எடுத்துட்டுப் போயி என்னா செய்றது? வெளியில குடுக்க மனசு வரல. ஐயா கையில இருந்தா எங்க கையில இருக்குற மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நாக்கில் புண் வந்ததுபோல இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஏதாச்சும் பார்த்துக் கொடுக்கிறேன் என்றவர் உண்மையிலேயே ஏதோ ஒன்றைத்தான் கொடுத்தார். நான் பேரம் பேசவில்லை. காயிதம் எல்லாவற்றையும் அவரே கச்சிதமாக எழுதி மாற்றிக்கொண்டார், அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை.

என் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. "அவருக்கேவா?" என்றார். "நீதான் கடல்ல தள்ளினாலும் தள்ளுவேன்னு..." முடிக்கவில்லை. நானும் தோற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போலும். சொல்லிவிட வாய் துடித்தது. சொன்னால் போய் எச்சரித்துவிடுவார், அவர் குணம் அப்படி. வாயை இறுக்கிக்கொண்டேன்.

காரைக் கொடுக்கிற அன்று நானே அதைக் கழுவினேன். நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுங்கிற்று. பெரிய கிராணி தன் சைக்கிளை அன்றைக்கே மச்சானுக்குக் கொடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். கிராணியம்மா ஆரத்தி எடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் பரிதாபமும் இல்லை.

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் காதில் தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பட்டு உடுத்திக்கொண்டு லோபாக்கில் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நைவேத்தியத்துக்குத் தூக்கில் சர்க்கரைப் பொங்கல். அரிசிச் சோறு வேலியைத் தாண்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், கிராணிக்குத் தெரியாதா? தன்னை யார் சோதிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. சுங்கை காடுட் சாவடியில் நம்பரைப் பார்த்ததும், "துருன்!" பட்டு வேட்டியைத் தட்டிப் பார்த்தார்களாம், சீட்டைக் கழற்றி மண்ணில் போட்டார்களாம், பொங்கலைச் சாக்கடையில் கொட்டினார்களாம். பின்னால் லாரியில் வந்த டிரைவர் எல்லாவற்றையும் கண்ணால் கண்டு, எங்கள் அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். "நெய்யி மணந்துச்சும்மா," என்றார். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பில் இருந்த பிள்ளை பயந்து அழுதுவிட்டது.

அடுத்த வாரம் பெரிய கிராணி போலீஸ் ஸ்டேஷனுக்கு லாரியிலேயே போனார், காரில் போனால் வழியில் இறக்குவார்களே! டிரைவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். தகவல் வாங்கிய பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புது ஆள் இவரை மேலும் கீழும் பார்த்து, "அந்த வண்டியைச் சோதிக்கக் கூடாது என்று உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டாராம். "நான்தான் அந்தத் தகவல் கொடுத்தவன்" என்று சொன்னால் ஒருவேளை விடிவு வந்திருக்கும். ஆனால் உள்ளே கூட்ட வந்தவன், வெளியே லாரிக்காரன், எத்தனை காது! போலீசுக்கு ஆள் காட்டியவன் என்று வெளியில் தெரிந்தால் காட்டுக்காரர்கள் தேடி வருவார்கள். அதனால் வந்த லாரியிலேயே திரும்பிவிட்டார். அவரைக் காட்டுக்காரர்கள் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. செத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். இறங்க வேண்டும், தினம் இறங்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

காரைக் கொட்டகையில் போட்டுவிடவும் அவரால் முடியவில்லை. வாங்கின காரை ஓட்டாமல் வைத்தால் ஏன் என்று தோட்டமே கேட்கும், துரையும் கேட்பார். ஆகவே வேட்டியும் கோட்டுமாக ரந்தாவுக்குப் போவார், இறங்குவார், வருவார், இறங்குவார்.

நாங்கள் புறப்பட்ட நாள் வந்தது. துறைமுகத்துக்குப் போக சிரம்பானில் ரயில் பிடிக்க வேண்டும். தோட்டத்து லாரியில் பின்னால் பெட்டிகளை அடுக்கி, பெட்டிகள் மேல் நாங்கள் உட்கார்ந்தோம். லயத்து ஜனங்கள் வேலையிலிருந்து வந்த கையோடு, ரப்பர்ப்பால் காய்ந்த துணிகளோடு பெரிய ரோடுவரை கூடவே வந்தார்கள், டிரைவர் லாரியை நடக்கிற வேகத்துக்கே ஓட்டினார். சில பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பங்களா மேட்டைத் தாண்டும்போது வழக்கம்போல ஒவ்வொரு குடையாக மடங்கியது. வராந்தா நாற்காலி காலி. என் கணவர் மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்துப் பாதை ரந்தாவ் ரோட்டில் சேர்கிற இடத்தில் புதிதாக ஒரு சாவடி போட்டிருந்தார்கள். புதுப் போலீஸ்காரர்கள், யாரையும் தெரியாதவர்கள். அங்கே லாரி நின்றுவிட்டது. முன்னால் ஒரு வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

தவளைக் கண் விளக்கு இரண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்கு கதவும் திறந்து கிடந்தது. சீட்டுகள் மண்ணில் கிடந்தன. பக்கத்தில் பெரிய கிராணி, கோட்டைக் கழற்ற வைத்திருந்தார்கள், பனியனோடு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையை இறக்க முடியாது. எங்களோடு வந்த ஜனங்கள் அவரைக் கண்டதும் பழக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். ஆனால் ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் எங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, எனக்குத் தெரியும் என்று. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், அன்றைக்கு வராந்தாவுக்குக் கீழே நின்றபோது செய்ததைப்போலவே.

என் கணவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நம்பர் தகட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இதுக்குத்தானா?" என்றார் மெதுவாக.

"இதுக்குத்தான்," என்றேன். "கார் இப்ப நல்லாவே இறங்கி நடக்குது பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த குடையை எடுத்தார். பெரிய கிராணியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அதன் கயிற்றை அவிழ்த்தார். விரித்தார். கறுப்புத் துணி டப்பென்று விரிந்த சத்தம் சாவடி முழுக்கக் கேட்டது. கீழே நின்ற ஒரு பொம்பளை எங்களைப் பார்த்துவிட்டு, தன் கக்கத்தில் இருந்த குடையையும் விரித்தாள். பக்கத்தில் இன்னொருத்தி விரித்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கால் ஊன்றி, அப்படியே நின்றார்.

சோதனை முடியவில்லை. எங்கள் லாரியை ஓரமாகப் போக விட்டார்கள். பெரிய கிராணிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எங்கள் குடை கடந்து போனது. அந்த நிழல் ஒரு கணம் அவர் மேலும் விழுந்து நகர்ந்தது. ரந்தாவ் கடைத்தெருவும் போயிற்று, சுங்கை காடுட்டும் போயிற்று, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மரம் அடர்ந்து வெயிலே இல்லாத இடமும் வந்தது. என் கணவர் குடையை மடக்கவில்லை.